சுருளாத கிருமி மீது ஒரு விசாரணை

நிறுவனத்தின் முன்கூடத்தில் ஒரு மின்பலகை மாட்டினார்கள். ஒவ்வோர் ஆய்வறையின் எண்ணும் அதில் வரிசையாக ஒளிர்ந்தது. எண்ணுக்கு எதிரே ஒரு சதவீதம். நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள். மண் மேடத்தின் அறைக்கு நேரே மட்டும் சிவப்பில் ஒரு சைபர். மற்றவை சும்மா ஒளிர, இது விட்டுவிட்டு மினுக்கியது. வாசல் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு நிமிர்கிற எவர் கண்ணிலும், தபால்காரர் உட்பட, முதலில் படுவது அதுதான்.

"யாருங்க அந்தப் பாவம்?" என்று தபால்காரர் வரவேற்பு மேசையில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாவம் அவருக்குப் பின்னால்தான் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள்.

மண் மேடம் என்பது அங்கே அவளுக்கு விழுந்த பெயர். மண்ணில் கூட்டமாக ஊர்ந்து திரியும் ஒரு வகை பாக்டீரியாவை வைத்து வேலை செய்கிறவள். நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னக் குச்சிகளாகத் தெரியும். தின்ன ஒன்றும் கிடைக்காத காலம் வந்தால் அந்தக் குச்சிகள் ஒன்றையொன்று தேடி வந்து, மேடாகக் குவிந்து, அந்தக் குவியலுக்குள் உருண்டு திரண்டு, மேலே கெட்டியாக ஓடு போட்டுக்கொள்ளும். அதற்கு வித்து என்று பெயர். வறட்சியும் வெயிலும் வித்தை ஒன்றும் செய்வதில்லை. நல்ல காலம் திரும்பினால் ஓட்டை உடைத்துக்கொண்டு மறுபடி குச்சியாகிவிடும்.

இது மண்ணுக்குள் நடப்பது. ஆய்வறையில் அவ்வளவு பொறுமை கிடையாது. நன்றாகத் தின்று கொழுத்து வளர்கிற பாக்டீரியாவின் குடுவையில் கொஞ்சம் கிளிசரால், உதட்டு வெடிப்புக்குப் பூசுகிறோமே அதே கிளிசரின்தான், ஊற்றினால் போதும். பசியும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவதற்குள் ஒவ்வொன்றும் தனித்தனியே உருண்டு ஓடு போட்டுக்கொண்டிருக்கும். தட்டில் சோறு இருக்கும்போதே ஏன் இப்படி முடங்கிக்கொள்கின்றன? இதுதான் அவளுடைய கேள்வி.

கேள்விக்குப் பதில் தேட அவள் ஒரு வழி கண்டாள். பாக்டீரியாவின் மரபணுக்களில் கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே உடைப்பு உண்டாக்கினாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளர்த்து, கிளிசரால் ஊற்றிப் பார்த்தாள். எல்லாம் உருண்டன. வருடக்கணக்கில் உருண்டன. அப்புறம் ஒரு நாள், ஒன்று உருளவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அன்று அவள் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் இறங்கி வீட்டுக்குப் போனாள், கால் தரையில் நிற்கவில்லை என்பதால்.

கிளிசரால் சொல்வதைக் கேட்க வைக்கும் மரபணு எதுவோ, அது இதில் உடைந்திருக்கிறது. எது என்று படித்துவிட்டால் பாதிப் பதில் கையில். படிக்கிற இயந்திரம்கூட வாங்கியாகிவிட்டது. ஆனால் அதைச் சுற்றி ஒரு பட்டு ரிப்பன் கட்டியிருந்தது. திறந்துவைக்க யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. ரிப்பனைக் கத்தரிக்காமல் பொத்தானை அமுக்குவது முறையல்ல. ஆகவே உருளாத பாக்டீரியா, குளிர்பெட்டியில் ஒரே ஒரு சிறு குப்பியில், தன் முறைக்காகக் காத்திருந்தது. ஆய்வறைகளில் அதை 'அடங்காப்பிடாரி' என்றார்கள். உடைப்பு எதுவும் இல்லாத அசல் வகைக்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர். மற்ற எல்லா அறைகளிலும் வளர்ந்தது நல்ல பிள்ளைதான்.

இதில் சதவீதம் எங்கிருந்து வந்தது என்றால், நிதி தருகிற வாரியத்திலிருந்து. "அளக்கக்கூடிய முன்னேற்றம் எங்கே?" என்று வாரியம் கேட்டது. அறிவை எதைக் கொண்டு அளப்பது என்று இயக்குநர் பல கூட்டம் போட்டு யோசித்தார். வித்துகளை எண்ணலாம் என்று யாரோ சொன்னார்கள். எண்ண முடிந்ததால் அதுவே முன்னேற்றம் ஆயிற்று. எத்தனை பங்கு உருண்டதோ, அத்தனை சதவீதம்.

"என்ன மேடம், சைபர் வாங்கி வச்சிருக்கீங்க?" நிர்வாக அலுவலர் அவள் அறை வாசலில் நின்று கேட்டார். கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். உள்ளே காகிதம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

"அதைத்தான் சார் இத்தனை வருஷமா தேடினேன்."

"சைபரையா?"

"ஆமா சார். கிடைச்சிருச்சு."

பர்ஸைத் திருடியதாகத் தானே வந்து ஒப்புக்கொள்கிறவளைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். அக்கம்பக்கம் திரும்பிவிட்டு, "இதை எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்க," என்றார் மெதுவாக. கெட்டவர் இல்லை.

பக்கத்து அறைக்காரர் அவருக்கே உரிய முறையில் உதவ வந்தார். அவருடைய அறை தொண்ணூற்றொன்பதில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. "எதுக்கு மேடம் வம்பு? எண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு நல்ல பிள்ளையைக் கலந்து விட்டுருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க யார்கிட்ட சொல்லப்போறீங்க?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

*

சைபரைச் சரிசெய்ய நிறுவனம் முதலில் அன்பான வழியைத்தான் முயன்றது. ஊக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தது. அவருக்கான சுற்றறிக்கையில், 'பணியாளர்களுக்கு மறைமுகமாகவும், பாக்டீரியாவுக்கு நேரடியாகவும்' உரையாற்றுவார் என்று இருந்தது. யாரோ வாக்கியத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேச்சாளர் அப்படி நினைக்கவில்லை.

அவர் நேராகக் குலுக்கு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். அதன் கண்ணாடி மூடிக்குள், குப்பியிலிருந்து துளி எடுத்து வளர்த்த அடங்காப்பிடாரியின் குடுவை இதமான சூட்டில் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. "உன்னால முடியும்!" என்றார் அவர். "உன் கூடப் பிறந்ததெல்லாம் எங்கேயோ போயிருச்சு. நீ மட்டும் ஏன் இன்னும் ஊர்ந்துட்டிருக்க? உள்ளே பாரு. உனக்குள்ளேயே ஒரு ஓடு இருக்கு!"

குடுவை ஆடியது.

"தலையாட்டுது பாருங்க," என்றார் பேச்சாளர், நெகிழ்ந்துபோய்.

நிர்வாக அலுவலர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். மண் மேடமும் தட்டினாள். உள்ளங்கை இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் தனக்குள்ளிருந்துதான் வருகிறது என்று உணர அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. இப்படி ஒரு பழக்கம் அவளுக்கு உண்டு. மேலிடத்துக் குரல் ஒன்று காதில் விழுந்தால் போதும். தோள் உள்வாங்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், முகத்தில் மழமழவென்று ஒரு புன்னகை படியும், வாய் தானாக 'சரிங்க சார்' என்று சொல்லும். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான், சொல்ல நினைத்த பதில் ஒவ்வொன்றாக வரும். குளியலறைக் கண்ணாடி அவளுடைய அருமையான வாதங்கள் அத்தனையையும் கேட்டிருக்கிறது.

மறுநாள் எண்ணிப் பார்த்தார்கள். சைபர்.

அன்பு பலிக்கவில்லை என்பதால் விசாரணைக்கு உத்தரவாயிற்று.

விசாரணை மேல்மாடிக் கூட்ட அறையில் நடந்தது. நீள்வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. அடங்காப்பிடாரி இருந்த குடுவைக்கும் ஒரு நாற்காலி போட்டு, அதற்கு முன்னாலும் ஒரு தண்ணீர்க் குவளை வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்து நாற்காலியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நல்ல பிள்ளை. மூலையில் தட்டச்சர் அம்மா. கூட்டக் குறிப்பை அவர் முந்தின நாளே அடித்து முடித்துவிடுவார். கூட்டம் அதைப் பின்பற்றி நடக்கும். அந்த வசதியில் இதுவரை எந்தக் கூட்டமும் நேரம் தாண்டியதில்லை.

முதலில் நல்ல பிள்ளைக்குக் கிளிசரால் ஊற்றினார்கள். திரையில் குச்சிகள் குட்டையாகி, முட்டை வடிவாகி, உருண்டையாயின. ஆவதற்குள் எல்லாரும் இரண்டு சுற்றுத் தேநீர் குடித்தார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர். குரலில் பெற்ற பாசம். "அதட்டல, மிரட்டல. ஒரு வாசனை காட்டினோம், புரிஞ்சுக்கிச்சு. இதைத்தான் நான் நிறுவனக் கலாசாரம்னு சொல்றேன்."

அடங்காப்பிடாரிக்கும் ஊற்றினார்கள். அது ஊர்ந்தது. மேசையைச் சுற்றி 'ச்சு' என்று ஒரு வருத்த ஒலி எழுந்தது.

மண் மேடம் எழுந்து, எப்படியோ நாக்கைப் பிரித்தெடுத்து, "சார், இதுக்கு ஓடு போடத் தெரியாம இல்ல," என்றாள். "பட்டினி போட்டா இதுவும் மத்ததோட சேர்ந்து மேடு கட்டி, அழகா வித்து ஆகுது. நான் பார்த்துட்டேன். நிஜமான பசிக்கு மசியுது. கிளிசராலுக்குத்தான் மசியல. அதுதான் இதுல விசேஷமே."

"பட்டினிக்கு நிதி ஒதுக்கீடு இல்லையேம்மா," என்றார் கணக்கு உறுப்பினர். "சாப்பாடு போடறதுக்குத் தலைப்பு இருக்கு. போடாம இருக்கறதை எந்தத் தலைப்புல காட்டறது?"

விசாரணைத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஓய்வு பெறுகிற வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாதவர். எந்தக் குழு அமைத்தாலும் தலைவர் அவர்தான்.

"நானும் ஒண்ணு சொல்றேன்," என்றார். "இங்க சேர்ந்தப்ப எனக்கும் கருத்து இருந்துச்சு. மறைக்கல. சின்ன வயசு, இருக்கும்தானே? ஆனா மேலேயிருந்து ஒரு வாசனை வந்தா போதும், நான் புரிஞ்சுக்குவேன். என்னை யாரும் திட்டினதில்ல, அடிச்சதில்ல, பட்டினி போட்டதில்ல. அதுக்கெல்லாம் நான் அவசியமே வைக்கலையே! அதனாலதான் இன்னைக்கு இந்த நாற்காலி. சரி, உங்க கருத்து என்ன ஆச்சு சார்னு நீங்க கேக்கலாம். பத்திரமா இருக்கு. எங்கேன்னுதான் ஞாபகம் வரல." அவர் குடுவையைக் கனிவோடு பார்த்தார். "இது கெட்டதுன்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணு உருளலைன்னா, உருண்டவங்க மனசு என்ன பாடுபடும்? அதையும் யோசிக்கணும்ல?"

எல்லாரும் யோசிப்பதுபோல் தலையசைத்தார்கள்.

தீர்ப்பு எளிமையானது. செயல்படாத வகைகளைக் குளிர்பெட்டியிலிருந்தும் குடுவையிலிருந்தும் எடுத்து வெள்ளிக்கிழமை கொதிகலனில் போட வேண்டும். கொதிகலன் என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் பிரம்மாண்டமான பிரஷர் குக்கர். அதற்குள் போன எந்த உயிரும் திரும்பி வந்ததில்லை. எந்த மரபணு உடைந்திருக்கிறது என்று இன்னும் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உடைத்ததால், அதே இடத்தில் மறுபடி உடைக்கவும் முடியாது. அந்தக் குப்பி போனால் போனதுதான்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று இயக்குநர் கேட்டார்.

அது கேள்வி அல்ல, கூட்டம் முடிகிற மணி. 'ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று தட்டச்சர் அம்மா நேற்றே அடித்துவிட்டிருந்தார். மண் மேடம் வாயைத் திறந்தாள்.

"சரிங்க சார்," என்றது வாய்.

*

அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில் போய்விடும். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். நாத்தனார் குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்களைக் கேட்கிற வேலை பார்க்கிறவள். பகல் முழுவதும் ஊர்க்காரர்களின் வசவைப் பணிவாகக் கேட்டுவிட்டு, பணிவின் மிச்சம் மீதி இல்லாமல் வீடு திரும்புவாள்.

"எங்க ஆபீஸ்ல தண்ணி வரலைன்னா புகார்," என்றாள் அவள், துவைத்த துணியை உதறி மடித்துக்கொண்டே. "உங்க ஆபீஸ்ல பூச்சி உருளலைன்னா புகாரா? நல்லா இருக்கு அண்ணி."

"பூச்சி இல்ல. பாக்டீரியா."

"ஏதோ ஒண்ணு. சும்மா இருக்கறதைப் போய் ஏன் கொதிக்க வைக்கணும்? நீங்க என்ன சொன்னீங்க?"

மண் மேடம் தலையணை உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி. என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னு சொல்லிட்டேன்."

நாத்தனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "அடிச்சாங்களா?"

"சேச்சே."

"வேலையை விட்டுத் தூக்கிருவேன்னாங்களா?"

"இல்லடி. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆட்சேபணை இருக்கான்னு கேட்டாங்க."

"அப்ப அந்த நல்ல பிள்ளைன்னு ஒண்ணு சொல்வீங்களே, லேசா வாசனை பட்டாலே சுருண்டுக்கும்னு," நாத்தனார் அடுத்த துணியை எடுத்தாள். "அது குடுவைக்குள்ள இல்ல அண்ணி. இதோ என் எதிர்ல உக்கார்ந்து தலையணை உறை மடிக்குது."

அன்று குளியலறைக் கண்ணாடிக்கு எந்த வாதமும் கிடைக்கவில்லை. மண் மேடம் வெறுமனே முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை கொதிகலன் இயங்கவில்லை. நிதி வாரியத்தின் தலைவி நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததால், அதற்கு வெள்ளிநிறப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். பூச்சு காய்ந்து, தலைவி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை எதையும் உள்ளே போடக் கூடாது. அடங்காப்பிடாரியைக் காப்பாற்றியது ஒரு வாளிப் பெயின்ட்.

அதே வருகையை முன்னிட்டுத்தான் இயக்குநருக்கு அந்தப் பெரிய யோசனை பிறந்தது. தொண்ணூற்றொன்பது ஏன் நூறாகக் கூடாது? பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிற சத்துநீர் கீழ்த்தளத்துச் சமையற்கூடத்தில் மொத்தமாகத் தயாராகி எல்லா அறைகளுக்கும் போகும். இனிமேல் அந்தச் சத்துநீரிலேயே கிளிசராலைக் கலந்து அனுப்பிவிடுவது என்று சுற்றறிக்கை வந்தது.

"தனியா ஊத்தற வேலை மிச்சம் பாருங்க," என்றார் நிர்வாக அலுவலர். "நேரமும் மிச்சம்."

"சார், வளர்றதுக்கு முன்னாடியே உருண்டுருமே," என்றாள் மண் மேடம். வாசற்படியில் நின்று, பாதிக் குரலில்.

"உருளணும்னுதானே மேடம்?"

முதல் வாரமே மின்பலகை முழுக்க நூறு நூறாகப் பச்சை பூத்தது. ஒரே ஒரு சிவப்புச் சைபர் தவிர. இயக்குநர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், சைபரைத் தோளால் மறைத்து.

குடுவைகள்தான் மாறிக்கொண்டிருந்தன. பாக்டீரியா வளர்ந்தால் சத்துநீர் கலங்கும். எவ்வளவு கலங்கல் என்பதுதான் எவ்வளவு வளர்ச்சி என்பதற்கு அடையாளம். இப்போது எல்லா அறைகளிலும் குடுவைகள் வாரத்துக்கு வாரம் தெளிந்துகொண்டே போயின. போட்ட பாக்டீரியா போட்ட இடத்திலேயே உருண்டு, அடியில் பொடியாகப் படிந்து கிடந்தது. ஒன்று இரண்டாகவில்லை. இருந்ததில் நூறு சதவீதமும் உருண்டது. எவ்வளவு இருந்தது என்று சொல்லப் பலகையில் இடம் இல்லை.

பக்கத்து அறைக்காரர் தன் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை மண் மேடம் கண்டாள். குடுவையின் வழியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் துல்லியமாகத் தெரிந்தன.

"ரொம்பத் தெளிவா இருக்கு, இல்ல?" என்றாள்.

"இருக்கு," என்றார் அவர். குடுவையைக் கீழே வைத்தார். "யாரும் கேக்கல. நானும் சொல்லல." அதன் மூடியைத் திருகிக்கொண்டே, "நீங்க?" என்றார்.

"பாதிக் குரல்ல சொன்னேன்."

அவர் தலையசைத்தார்.

அந்தச் சத்துநீரில் வளர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அடங்காப்பிடாரி பழைய நிறத்தில், பழைய கொழுப்பில், குடுவையை மஞ்சளாகக் கலக்கிக்கொண்டிருந்தது. கிளிசரால் இருக்கிறதா இல்லையா என்பதையே அது கவனித்ததாகத் தெரியவில்லை.

*

வாரியத் தலைவி வந்தார். குள்ளமான, வேகமாக நடக்கிற அம்மாள். எதையும் முழுதாகக் கேட்பதற்கு முன் அடுத்ததற்குப் போகிறவர். முன்கூடத்து மின்பலகையில் சைபரை மறைத்துப் பெரிய இலைச்செடி ஒன்றை வைத்திருந்தார்கள்.

முதல் ஆய்வறைத் திரையில் உருண்டை உருண்டையாகப் பளபளத்தது.

"இது என்ன?"

"வித்து மேடம். நூறு சதவீதம்."

"என்ன செய்யுது?"

இயக்குநர் நிர்வாக அலுவலரைப் பார்த்தார். "காத்திருக்கு மேடம்," என்றார் அலுவலர்.

"எதுக்கு?"

"உத்தரவுக்கு," என்றார் அவர், பெருமையாக.

இரண்டாவது அறையிலும் உருண்டைகள் காத்திருந்தன. மூன்றாவதிலும். பக்கத்து அறைக்காரரின் அறையில் தலைவி கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடினார். "எல்லாம் ஒரே படமா இருக்கே? ஒண்ணு எடுத்து எல்லாத்துக்கும் ஒட்டிட்டீங்களா?"

திரும்பி முன்கூடத்துக்கு வந்தபோது அவர் நின்றுவிட்டார். இலைச்செடியின் இடுக்குகளிலிருந்து சிவப்பாக ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. "அது என்ன அங்க? செடிக்குள்ள?"

"ஒண்ணும் இல்ல மேடம், சின்ன மின்கோளாறு."

ஆனால் தலைவி செடியை விலக்கிவிட்டார். கட்டடம் முழுக்க அசைகிற பொருளாக அது ஒன்றுதான் இருந்தது. அறை எண்ணைப் பார்த்தார், வேகமாக நடந்தார். பின்னால் ஒரு ஊர்வலமே ஓடியது.

மண் மேடத்தின் திரையில் ஆயிரக்கணக்கான குச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சேர்ந்தன, பிரிந்தன, ஓடையாகத் திரும்பின, வழியில் இருந்ததை மொய்த்துத் தின்றன, மேலே போயின.

"அட! உயிரோட இருக்கு!" என்றார் தலைவி. "இதுக்கு மட்டும் வேற சாப்பாடா?"

"இல்ல மேடம். எல்லாருக்கும் போற அதே சத்துநீர்தான், கிளிசரால் கலந்தது. இதுல ஒரு மரபணு உடைஞ்சிருக்கு. அதனால கிளிசரால் சொல்றதை இது—"

"ஓடறது எனக்குப் பிடிக்கும்," என்றார் தலைவி. மீதியை அவர் கேட்கவில்லை. "எங்க வாரியமே ஓடிக்கிட்டே இருக்கற வாரியம்."

இயக்குநர் ஒரே எட்டில் முன்னால் வந்தார். அவர் முகம் மாறிய வேகத்தை மண் மேடம் பக்கத்திலிருந்து பார்த்தாள். நல்ல பிள்ளைகூட உருள இரண்டு சுற்றுத் தேநீர் நேரம் எடுத்துக்கொள்ளும். "இதைத்தான் மேடம் நாங்க ரொம்ப நாளா ஊக்கப்படுத்தி வளர்த்துட்டு வர்றோம்," என்றார் அவர். "தனியா பேச்சாளரையே வரவழைச்சோம்."

வந்ததே வந்தீர்கள் என்று, மரபணு படிக்கும் இயந்திரத்தின் ரிப்பனையும் தலைவியைக் கொண்டே வெட்டவைத்தார்கள். கத்தரிக்கோல் ஒரு தட்டில் தயாராக இருந்தது.

*

அடுத்த வாரம் மின்பலகை திருத்தப்பட்டது. இனி அளவுகோல் உருளாமைச் சதவீதம். மண் மேடத்தின் எண்ணுக்கு நேரே நூறு, பச்சையில். மற்ற எல்லா அறைகளுக்கும் சிவப்புச் சைபர். வரிசையாக அவை மினுக்கியதில் முன்கூடம் கல்யாண மண்டபம்போல் இருந்தது.

"ஜெயிச்சிட்டீங்க போங்க," என்றார் தபால்காரர், ஏதோ பந்தயம் என்று நினைத்து.

மேல்மாடியில் மறுபடியும் கூட்டம். நீள்வட்ட மேசை, தண்ணீர்க் குவளைகள், மண் மேடத்துக்கு அடுத்த நாற்காலியில் பக்கத்து அறைக்காரர், மூலையில் தட்டச்சர் அம்மா. இந்த முறை அடங்காப்பிடாரியின் நாற்காலிக்கு மெத்தை போட்டிருந்தார்கள். மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் எல்லா ஆய்வறைகளின் குளிர்பெட்டிகளிலிருந்தும் திரட்டி வந்த நல்ல பிள்ளையின் குப்பிகள். அவளுடைய குப்பியும் அதில்தான் இருந்தது. காலையில் அலுவலர் வந்து கேட்டபோது, எதற்கென்று கேட்காமலே எடுத்துக் கொடுத்திருந்தாள். பழக்கம்.

"புதிய இலக்குக்கு ஒத்துவராத வகைகள்," என்றார் நிர்வாக அலுவலர். "வெள்ளிக்கிழமை கொதிகலனுக்கு. பெயின்ட் காய்ஞ்சிருச்சு."

விசாரணைத் தலைவர் குப்பிகளை வருத்தத்தோடு பார்த்தார். "நான் அப்பவே நினைச்சேன்," என்றார். "ஒரு வாசனைக்கே சுருண்டுக்குதுன்னா, அதுக்கு முதுகெலும்பு எங்க இருக்கு? எனக்கு ஆரம்பத்துலேயிருந்தே உருள்றவங்களைக் கண்டா ஆகாது."

எல்லாரும் தலையசைத்தார்கள். எந்தத் தயக்கமும் இல்லாமல் அசைத்தார்கள். போன கூட்டத்தில் அசைத்த அதே தலைகள், அதே கோணம்.

மண் மேடம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்காப்பிடாரியில் எது உடைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? உடையாததை வைத்துத்தான். அசலை எழுத்து எழுத்தாகப் படித்து, இதையும் படித்து, எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழே ரிப்பன் வெட்டிய இயந்திரம் இப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. அசலைக் கொதிக்க வைத்துவிட்டால், அப்புறம் இது எதிலிருந்து மாறியது என்று சொல்ல உலகத்தில் அவளிடம் ஒன்றும் இராது. உருளாதது உருளாததாகவே இருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாமல், மெத்தை போட்ட நாற்காலியில்.

தவிர, அவளுக்கு நல்ல பிள்ளை மேல் கோபம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. பாவம், அதற்கு எல்லா மரபணுவும் சரியாக இருக்கிறது. ஏமாற்றுவது கிளிசரால்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று இயக்குநர் கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார். நாற்காலிகள் பின்னால் நகரத் தயாராயின.

தோள் உள்வாங்கியது. அவளுக்குத் தெரிந்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. அதுவும் தெரிந்தது. முகத்தில் அந்த மழமழப்பு படியத் தொடங்கியது. இன்னும் ஒரு கணம் போனால் ஓடு முடிந்துவிடும். தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்த தன் கைகள் ஏனோ நினைவுக்கு வந்தன. அடிச்சாங்களா? இல்லை. பட்டினி போட்டாங்களா? இல்லை.

"இருக்கு சார்," என்றாள்.

முழுக் குரலில்தான் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே, குளியலறையில் பேசுகிற அளவுக்கு.

அறையில் யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இயக்குநர் நிர்வாக அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே காகிதம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. விசாரணைத் தலைவர் எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவர்போல் கூரையைப் பார்த்தார்.

"ஆட்சேபணை இல்லைன்னு நான் அடிச்சிட்டேனேம்மா," என்றார் தட்டச்சர் அம்மா, மூலையிலிருந்து.

"பரவாயில்லம்மா. 'இல்லை'யை எடுத்துட்டு 'இருக்கு'ன்னு போடுங்க."

"எப்பவும் போட்டதில்லையே," என்றார் அவர். ஆனால் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. "சொல்லுங்க. என்ன ஆட்சேபணை? மெதுவா சொல்லுங்க, புதுசா அடிக்கணும்."

மண் மேடம் எழுந்து போய், மேசை நடுவிலிருந்த பெட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போது அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பக்கத்து அறைக்காரருடையதுதான். விலகிப் போகிறாரா, எழுந்து நிற்கிறாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு, போட்டுக்கொள்வதைவிட நேரமாகும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.